ஆறாவது பொட்டு

"உண்மை ஒன்றே. அதைக் காணும் கண்ணும் ஒன்றே."

தனியார் துப்பறிவாளர் கமலக்கண்ணனின் விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. இரண்டாவது வாக்கியத்தைக் கண் மருத்துவரும் ஒப்புக்கொண்டிருந்தார். வலது கண்ணில் புரை. ஆபரேஷன் பங்குனியில்.

கமலக்கண்ணன் இருபத்தெட்டு வருடம் மின்துறையில் மீட்டர் பார்த்தவர். முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து, யாரும் காட்ட விரும்பாத மூலையைப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெளியே வருவது அவருக்குக் கைவந்த வேலை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முதலியார்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் போர்டு மாட்டினார். வந்த வழக்குகளில் பத்துக்கு ஒன்பது மாப்பிள்ளை விசாரணை. பத்தாவது, நாய் காணோம்.

இந்த மாசி மாதப் புதன்கிழமை வந்தது வேறு ரகம். காணாமல் போனது ஒரு புள்ளி.

"புள்ளி காணோம்னா கோலம் போடறவங்களக் கேக்கணும்ணே. நம்மள ஏன் கூப்புடறாங்க?" என்றான் ஜெர்ரி, ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே. ஜெர்ரிக்கு நாற்பது வயது. கல்யாண போட்டோகிராபர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் துப்பறிவான்.

"விஞ்ஞானப் புள்ளிடா."

"அப்ப கோலத்த விட சின்னதா இருக்கும்."

உயிரணு உன்னத ஆய்வகம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டில் இருந்தது. கூடத்தில் நுழைந்ததும் நாலடிக்கு மூன்றடியில் ஒரு வண்ணப்படம். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம் சகிதம் இயக்குநர் டாக்டர் கோபிநாத், மாலை போட்ட மைக்ராஸ்கோப்புக்கு மோதிர விரலால் பொட்டு வைக்கிறார். கீழே, 'அறிவியலுக்கு ஓர் அஞ்சலி: ஆயுத பூஜை'.

"லைட்டிங் மோசம்" என்றான் ஜெர்ரி. "மைக்ராஸ்கோப்பு பரவால்ல, கூச்சப்படாம நிக்குது."

டாக்டர் கோபிநாத் தம் அறையில் எழுந்து நின்று வரவேற்றார். உட்கார்ந்த பிறகும் மேடையில் நிற்பவர் போலவே பேசினார்.

"மனித உடலில் கோடானுகோடி உயிரணுக்கள், மிஸ்டர் கமலக்கண்ணன். உயிரணுவுக்குள் கோல்கை என்றொரு உறுப்பு. மேலிருந்து பார்த்தால் வளையம். உலகமே வளையத்தைப் பார்த்தது. வளையத்தின் நடுவில் ஒரு புரதம் புள்ளியாக அமர்ந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்."

"புள்ளிக்குப் பேர் ஏதாச்சும்?"

"கோபிநாத் புள்ளி" என்றார் அவர், வேறு யாரோ வற்புறுத்தி வைத்த பெயரைச் சொல்வதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டு. "கோல்கை என்பது ஓர் இத்தாலியரின் பெயர். அதற்குள்ளே ஒரு புதுச்சேரிக்காரர் இருக்கக் கூடாதா?"

தேநீர் வந்தது. ஒவ்வொரு கோப்பையிலும் பச்சை வளையமும் நடுவே பச்சைப் புள்ளியும் அச்சாகியிருந்தன. மார்கழியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்புக்காக அடித்தவை. கட்டுரையும் அதே மாதம் வெளிவந்திருந்தது.

"மெர்சி முசே" என்று டாக்டருக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லி ஜெர்ரி கோப்பையை வாங்கிக்கொண்டான். "புள்ளி இதுலயே இருக்கே. கண்டுபிடிச்சாச்சு, போலாமாண்ணே?"

டாக்டர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். சுடர்விழி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி, நான்காவது வருடம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தப் படங்களை எடுத்தவளே அவள்தான். கட்டுரை வந்த பிறகு, இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். பொங்கல் கழிந்து எடுத்தாள். வளையம் இருந்தது. புள்ளி இல்லை.

"கட்டுரையில அவ பேர மூணாவதா போட்டேன். அந்தக் கோபம்." மேடைத் தமிழ் இங்கே இறங்கிவிட்டது. "செல்லுக்குள்ள ஏதோ பண்ணி என் புள்ளிய அழிச்சிட்டா. நாலு மணிக்குக் கமிட்டி. அவ பி.எச்டி. பதிவ ரத்து பண்ணப் போறோம். அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் வேணும்."

"ரத்து பண்றதுன்னு முடிவாயிடுச்சா?"

"விசாரணை முடியட்டும்னுதான் காத்திருக்கோம்."

சுவர்க் கடிகாரம் பதினொன்று என்றது.

சுடர்விழி மைக்ராஸ்கோப் அறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஊர் பாகூர் பக்கம். வீட்டில் கரும்பு போடுகிறார்கள். அழுது முடித்த முகம் இல்லை; அழ நேரம் கிடைக்காத முகம்.

"நாலு வருஷம் சார். இன்னிக்கு ரத்து பண்ணிட்டா வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. படத்தத் திருத்தினவன்னு பேர் வந்துடும். நான் எதையும் திருத்தல."

"குற்றவாளிங்க இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் கமலக்கண்ணன்.

"குத்தம் பண்ணாதவங்க வேற எப்படி சொல்லுவாங்க சார்?"

ஜெர்ரி அவளை மரியாதையாகப் பார்த்தான். கமலக்கண்ணன் அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, இடது கண்ணைச் சுருக்கி, பக்கத்தின் மேல் பிடித்தார்.

"மஞ்சள் கறை" என்றார்.

"எங்க சார்?"

"பயிற்சி இல்லாத கண்ணுக்குத் தெரியாதும்மா." உடனே ஒரு தாளில் 'குறிப்பேட்டில் ஐயத்துக்குரிய மஞ்சள் கறை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, இடைக்கால அறிக்கையாக இயக்குநருக்கு அனுப்பினார்.

ஜெர்ரி அவரைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு இழுத்தான். "அண்ணே, போன மாசம் நாய்க் கேஸு. சங்கிலில மஞ்சள் கறைன்னீங்க. கார்த்திகைல அரியாங்குப்பம் மாப்ள விஜய். டிகிரி சர்டிபிகேட்ல மஞ்சள் கறை, ஏற்கெனவே தாலி கட்டின கைதான் இதத் தொட்டிருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க. கல்யாணம் நின்னுச்சு. எனக்கு ரெண்டு நாள் ஆல்பம் ஆர்டர் போச்சு. இப்ப இந்தப் பொண்ணா?"

"ஊர்ல மஞ்சள் புழக்கம் ஜாஸ்தி ஆயிடுச்சுடா" என்று முடித்துவிட்டார் கமலக்கண்ணன்.

திரும்பி வந்து, "புள்ளிய எப்படிப் பாத்தீங்க, அதச் சொல்லு" என்றார்.

சுடர்விழி சொன்னாள். "கோல்கைங்கறது செல்லுக்குள்ள இருக்கற பார்சல் ஆபீஸ் சார். புரதம் எல்லாம் அங்க வந்து, கட்டி, விலாசம் ஒட்டி வெளிய போகும். எந்தப் புரதம் எந்த ரூம்ல உக்காந்துருக்குன்னு பாக்கறது என் வேலை. புரதத்துக்குப் பச்சையா மின்னற சாயம் குடுத்து, நீல வெளிச்சம் அடிச்சு படம் எடுப்போம். ஒரு படத்துல ஒண்ணும் புரியாது. ஒரே மங்கல், ஒரே இரைச்சல். அதனால நூத்திப் பன்னண்டு கோல்கை எடுத்து, நடு மேல நடு வெச்சு அடுக்கி, கூட்டி, சராசரி போட்டோம். ஒவ்வொண்ணுலயும் தாறுமாறா இருக்கறது அழிஞ்சிடும். எல்லாத்துலயும் இருக்கறது மட்டும் நிக்கும்."

"அட, இது நம்ம தொழில்" என்றான் ஜெர்ரி. "நூறு கல்யாணத்து மேடைப் போட்டோவ ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா, பொண்ணு மாப்ள மூஞ்சி அழிஞ்சிடும். தெர்மாகோல் இதயமும், எல்லாப் போட்டோலயும் தலைய நீட்டற பெரியப்பாவும்தான் நிப்பாங்க."

சுடர்விழி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "அதேதான் சார்."

"ஆனா ஜாக்கிரதை. ஒரு சீசன் பூரா நான் எடுத்த பொண்ணுங்க எல்லாருக்கும் இடது கன்னத்துல மச்சம். ராசியான மச்சம்னு ஒருத்தங்க சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் பாத்தா என் லென்சுல கீறல்."

கமலக்கண்ணனுக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்தது. மீட்டர் பார்க்கிற காலத்தில், எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே எண் வந்தால் வீடுகளைச் சந்தேகப்படக் கூடாது, பார்க்கிறவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று மேலதிகாரி ஒருவர் திட்டியிருக்கிறார். திட்டு வாங்கியவர் இவர்தான்.

"எல்லாத்துலயும் இருக்கறது நிக்கும்" என்றார் மெதுவாக. "அது செல்லுல இருக்கறதாவும் இருக்கலாம். பாக்கற கருவில இருக்கறதாவும் இருக்கலாம்." ஜெர்ரியின் மச்சம் அந்த நிமிடத்தோடு கமலக்கண்ணனின் சொந்தக் கண்டுபிடிப்பாகிவிட்டது.

"அப்படி இருக்க முடியாது சார்" என்றாள் சுடர்விழி. "கருவில ஒரு தூசு இருந்தா அது ஒரே எடத்துல நிக்கும். கோல்கை ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு எடத்துல இருக்கும். அடுக்கும்போது தூசு செதறிப் போய் அழிஞ்சிடணும். கோல்கையும் எப்பவும் ஒரே எடத்துல இருந்தாத்தான்..."

நிறுத்தினாள். கண்கள் சுவருக்குப் போயின. அங்கே சட்டம் போட்டு மாட்டிய பலகை ஒன்று இருந்தது.

'பொருளை நட்டநடுவில் வை. பிறகு படமெடு. லென்சைத் தொடாதே. — இயக்குநர்.'

"நடுவுல இல்லாத படத்த அவர் பாக்கவே மாட்டார் சார்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நூத்திப் பன்னண்டும் நட்டநடு."

ஜெர்ரி அதற்குள் கூடத்துக்கு ஓடிப்போய் ஆயுத பூஜைப் படத்தை செல்போனில் பிடித்துக்கொண்டு வந்தான். கமலக்கண்ணன் பூதக்கண்ணாடியைப் போன் திரைமேல் வைத்து, "எல்லாம் மஞ்சளா இருக்கு" என்றார்.

"அத உள்ள வையுங்கண்ணே." இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். "மேல் மூடிக்கு ஒண்ணு. ரெண்டு பக்கம் ரெண்டு. விளக்குப் பொட்டிக்கு ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. ஆறாவத முசே இப்பத்தான் வெக்கறாரு. விரல் எங்க இருக்கு பாருங்க."

மூவரும் அறைக்குள் போனார்கள். இயக்குநர் வைத்த பொட்டை இயக்குநர் இருக்கிற ஆய்வகத்தில் யார் அழிப்பார்கள்? நாலு மாதம் ஆகியும் எல்லாம் காய்ந்து, வெடித்து, அப்படியே இருந்தன. ஜெர்ரி எண்ணினான். ஐந்து.

ஆறாவது பொட்டு இருந்திருக்க வேண்டிய இடம், உயிரணுத் தகட்டை வைக்கும் மேடைக்கு அடியில் மேல்நோக்கி நிற்கும் லென்ஸ். அறுபது மடங்கு பெரிதாக்குவது. எல்லாப் படமும் அதில்தான் எடுத்தவை.

"அதான் இருக்கறதுலயே ஒசத்தி லென்சு" என்றாள் சுடர்விழி. "அதனாலதான் அதுக்கும் வெச்சாரு. வெளிப்பக்கம்தான் வெச்சாரு, கண்ணாடில படலன்னு நெனச்சேன். கண்ணாடியத் தொட்டுப் பாக்கத்தான் எனக்கு அனுமதி இல்லியே. சந்தனத்துல மஞ்சள் கொழைச்சது சார். நீல வெளிச்சம் பட்டா மஞ்சள் பச்சையா மின்னும்."

"காணாமப் போனது புரதம் இல்ல" என்றார் கமலக்கண்ணன். இந்த வாக்கியத்தை அவர் நின்ற தோரணையில், பின்னால் கடல் அலை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏ.சி. மட்டும் உறுமியது. "பொட்டு. அத அழிச்சது யாரு?"

அழிக்கக்கூடியவர்களின் பட்டியல் நீளமில்லை. சாவி வைத்திருப்பவர்கள் மூன்று பேர். டாக்டர், சுடர்விழி, தினமும் தேங்காய்த்திட்டிலிருந்து வந்து பெருக்கித் துடைக்கும் சின்னப்பாப்பா.

சின்னப்பாப்பா பின்கட்டில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி.

"நான் எதையும் தொடல" என்றாள், இவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

"யாருக்கா தொட்டீங்கன்னு சொன்னது?" என்றான் ஜெர்ரி.

"இன்னா கேக்கப் போறீங்கன்னு தெரியாதா? அந்த மெசினத் தொட்டா வேல போயிடும்னு எழுதிப் போட்டுருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

கமலக்கண்ணன் மீட்டர் பார்க்க வந்தவர் முகத்தோடு சுவரைப் பார்த்தார். "ஏம்மா, போகிக்கு இங்க பெரிசா சுத்தம் பண்ணீங்களோ?"

"பண்ணாம? பழசு கழிய வேணாமா?"

"அப்ப பொட்டும் பழசுதான்."

தண்ணீர்க் குழாயை மூடினாள். "பதவி பெரிசுன்னா பொட்டு வெக்கறதும் பெரிசா? கண்ணாடி மேலயே ஈஷி வெச்சுருந்தாரு. காஞ்சு கெடந்துச்சு. எனக்கும் கண்ணாடி இருக்கு, அழுக்கா இருந்தா இன்னா கஷ்டம்னு தெரியும். என் கண்ணாடி தொடைக்கற துணியால தொடச்சேன். மத்ததத் தொடல. பொட்ட அழிச்சேன்னு அவுருக்குத் தெரிஞ்சா..."

"நீங்க தொடச்சதால புள்ளி போச்சு. புள்ளி போனதால சுடர்விழிய இன்னிக்கு வெளிய அனுப்பப் போறாங்க."

சின்னப்பாப்பா கொஞ்ச நேரம் கோப்பையிலிருந்த பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எத்தினி மணிக்குக் கூட்டம்?"

நாலு மணிக் கமிட்டியில் டாக்டரைத் தவிர இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் விழுப்புரம், ஒருவர் கடலூர். மைக்ராஸ்கோப் அறைக்கே அவர்களை வரவழைத்திருந்தார் கமலக்கண்ணன். சின்னப்பாப்பா நடந்ததைச் சொன்னாள். டாக்டர் கோபிநாத் முகம் சிவந்து, "லென்சைத் தொட்டது குற்றம்" என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு அப்புறம் வரலாம்" என்றார் கமலக்கண்ணன். "அம்மா, அன்னிக்கு இருந்தது போல ஒரு பொட்டு வையுங்க."

பூஜை அலமாரியில் கிண்ணம் இன்னும் இருந்தது. மஞ்சளும் சந்தனமும் குழைத்து, இருந்த இடத்திலேயே சின்னப்பாப்பா கச்சிதமாக வைத்தாள். சுடர்விழி உட்கார்ந்து இருபது கோல்கைகளைத் தேடிப் பிடித்து, பலகை சொன்னபடி ஒவ்வொன்றையும் நட்டநடுவில் வைத்துப் படமெடுத்தாள். கம்ப்யூட்டர் அடுக்கியது, கூட்டியது, சராசரி போட்டது.

திரையில் பச்சை வளையம். நடுவில் பச்சைப் புள்ளி.

டாக்டர் கோபிநாத் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "பார்த்தீர்களா. திரும்பிவிட்டது. நான் சொன்னேன் அல்லவா?" விழுப்புரம் பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் வேறு வழியில்லாமல் குலுக்கினார்.

"இன்னும் இருபது எடுக்கறேன் சார்" என்றாள் சுடர்விழி. "இந்தத் தடவ ஓரத்துல."

"நடுவில் வைக்க வேண்டும் என்று..."

"தெரியும் சார். பலகைய நாலு வருஷமாப் பாக்கறேன்."

இருபது கோல்கைகளையும் திரையின் இடது மூலைக்கே தள்ளித் தள்ளி எடுத்தாள். முழுப் படங்களையும் அப்படியே அடுக்கி சராசரி போட்டாள். வளையம் இடது மூலையில் வந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல். புள்ளி மட்டும் துணைக்கு ஆள் இல்லாமல் நடுவிலேயே நின்றது.



"முசேவோட புள்ளி எடம் மாற மாட்டேங்குது" என்றான் ஜெர்ரி.

கடலூர் பேராசிரியர் தம் தேநீர்க் கோப்பையை, அச்சடித்த புள்ளி சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி வைத்தார்.

"இது கருவிசார் நிகழ்வு" என்றார் டாக்டர். "லென்சைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மாணவியின் பொறுப்பு. அந்த வகையில் பார்த்தால்..."

 விழுப்புரம் பேராசிரியர் நாற்காலியிலிருந்தபடியே சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். மூன்றாவது வாக்கியத்தையும் அதன் கீழே இருந்த பதவியையும்.

கால் மணி நேரத்தில் முடிவானது. சுடர்விழியின் பதிவு ரத்தாகாது. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை டாக்டரே எழுத வேண்டும். காரணம் தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சளுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதினால் கௌரவமாக இருக்கும் என்று டாக்டர் கேட்டுப் பார்த்தார். சின்னப்பாப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாரம் ஒருமுறை லென்சைத் துடைக்க இனி அவளும் கூட இருக்க வேண்டும் என்று கடலூர்க்காரர் குறிப்பில் எழுதினார்.

கமலக்கண்ணன் வாசலில் நின்று கடல் காற்றைக் கம்பீரமாக வாங்கிக்கொண்டிருந்தபோது சுடர்விழி குறிப்பேட்டோடு வந்தாள்.

"ரொம்ப நன்றி சார். ஒண்ணே ஒண்ணு. காலைல இதுல மஞ்சள் கறைன்னு எழுதிக் குடுத்தீங்க. அது என் ஃபைல்ல இருக்கு. கறைய ஒரு தடவ காட்டிட்டீங்கன்னா அதுக்கும் விளக்கம் எழுதிக் குடுத்துருவேன்."

"தாராளமா." மூக்குக்கண்ணாடி பைக்குப் போனது. பூதக்கண்ணாடி வந்தது. "இதோ, நடுவுல."

சுடர்விழி பக்கத்தைத் திருப்பினாள். "இதுல சார்?"

"இதுலயும். அதே எடத்துல."

பிறகு அவள், மரியாதை குறையாமல், குறிப்பேட்டை மெல்ல இடதுபக்கம் நகர்த்தினாள். எழுத்துகள் நகர்ந்தன. கறை நகரவில்லை.

 ஜெர்ரி அவர் கையிலிருந்து பூதக்கண்ணாடியை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்தான். கைக்குட்டையை விரித்துக் காட்டினான்.

"ஆயுத பூஜைக்கு இதுக்கும் வெச்சீங்களாண்ணே?"

"தொழில் கருவிடா."

"அப்ப அரியாங்குப்பம்..."

"வண்டிய எடு."

விஜயின் பட்டச் சான்றிதழில் எந்தக் கறையும் இல்லை. அவனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணுக்குத் தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது.